முந்தானையில் முடிந்த கொய்னா

அஞ்சலையக்காவின் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே இருந்த வெள்ளை மாத்திரைகள் செம்மண்ணில் சிதறி நாலாபக்கமும் உருண்டன. ஒன்று என் கால் கட்டைவிரலில் வந்து முட்டி நின்றது.

பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்து வாசலில், முள்வேலிக்கு உள்பக்கம், பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் வரிசையாக நின்றோம். அக்கா எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம், எனக்கு நாலு. வெளியே போகும் ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்து அனுப்புவது மாக்சிக் ஹலிமாவின் வேலை. பக்கத்தில் கம்பம் என்னும் மலாய்க் கிராமத்து அம்மா; மாக்சிக் என்றால் அவர்கள் மொழியில் சின்னம்மா. எப்போதும் வெற்றிலை மணக்கும் வாய். அன்றைக்கும் அவர் கை வழக்கம்போலத்தான் பட்டது. அக்காதான் முடிச்சைச் சரியாகப் போடவில்லை.

மாக்சிக் கீழே கிடந்த மாத்திரைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். துப்பாக்கியோடு பக்கத்தில் நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரனைப் பார்த்தார். அவன் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால், அவர் காலாலேயே மண்ணைத் தள்ளி மூடியிருப்பார். அவன் திரும்பவில்லை.

அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஆஸ்பத்திரி டிரசரு குடுத்ததுதான். எனக்கு முழுங்கப் பிடிக்கல. ஆத்துல போடத்தான் கொண்டு போறேன்."

அந்தக் காலத்தில் இதைவிட நம்ப முடியாத பொய்யை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வாசலைத் தாண்டக் கூடாதவை

மலாயாவை ஆண்ட வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, அதற்கு ஓர் அவசரமும் இல்லை. வருஷக்கணக்காக எங்கள் தலைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

கோலா சாவா பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயர். நாங்கள் நொண்டித்துரைத் தோட்டம் என்போம். எந்தத் துரை நொண்டினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சிதறிக் கிடந்த எங்கள் வரிசைவீடுகளான லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, ஒற்றை வாசல் வைத்துவிட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்களிடமிருந்து ஒன்றும் போகக் கூடாது. அரிசி கூடாது, உப்பு கூடாது, டின் மீன் கூடாது. மருந்து கூடவே கூடாது. காட்டில் இருப்பவர்களையும் கொசு கடிக்கும், மாத்திரை கிடைத்தால் எழுந்து சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று பயம். பிடிபட்டால் ஜெயில். கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அக்கா பிறந்ததே இந்த மண்ணில். அவளை எந்த ஊருக்கு அனுப்புவார்களோ.

எங்கேயோ ஒரு தோட்டத்தில் ஒருத்தி அரிசியை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி வேஷம் போட்டாளாம். அவள் புண்ணியத்தில் எங்கள் வயிறுகளையெல்லாம் தட்டிப் பார்த்தே அனுப்பினார்கள். பிற்பாடு ஒரு நாள் மாக்சிக் தட்டியபோது என் பிள்ளை உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் உதை விட்டான். "இது பெராஸ் இல்ல லா" என்று சிரித்துக்கொண்டே என்னைப் போகச் சொன்னார். அரிசி இல்லை என்று அரசாங்கமே அத்தாட்சி கொடுத்த பிள்ளை அவன்.

கொசுவா, முனியா

நான் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். லயத்தில் என் பெயரே ரெம்பாவ்காரிதான். எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்ததும், குளிர்காய்ச்சலைப் பற்றி லயத்துப் பெண்கள் பாடம் நடத்த வந்துவிட்டார்கள்.

அது எதனால் வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு பதில். உச்சிவெயிலில் ஆற்றைத் தாண்டினால் வரும். ஈரத்தலையோடு படுத்தால் வரும். பொழுது சாய்ந்து வெள்ளரிக்காய் தின்றால் வரும். முனீஸ்வரர் மரத்தடியில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு போனால் கட்டாயம் வரும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் மட்டும் அது காய்ச்சலே இல்லை, பிள்ளைச்சூடு. அதற்கு மருந்து வேண்டாம், திருநீறு போதும்.

மலேரியா என்ற சொல் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கால்வாய்களில் கொசு எண்ணெய் அடிக்க வரும் சின்னசாமியை எல்லோரும் மலேரியாக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே மலேரியா என்றால் எங்களுக்கு, முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு எண்ணெய் நாற்றத்தோடு நடந்து போகும் ஒரு மனிதர். அவரைக் கண்டு நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்?

கொசுதான் காரணம் என்று அடித்துச் சொன்னவர் டிரசரய்யா ஒருவர்தான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, பிரசவம் எல்லாமே டிரசர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. அவரிடம் எல்லா மருந்தும் இருந்தது. சிரிப்பு மட்டும் கைவசம் இல்லை. எட்டாவது பிள்ளைக்குக் காத்திருந்த பெரியநாயகியம்மாள் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். நல்ல ஆகிருதி அவளுக்கு. "இத்தனூண்டு கொசு என்னைக் கடிச்சா, காய்ச்சல் அதுக்குத்தானேய்யா வரணும்?"

டிரசர் திரும்பி மருந்து அறைக்குள் போய்விட்டாராம். கொசு தோற்றுப்போனது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நாக்குக்கு அடியில்

அந்த வருஷம் பிள்ளைத்தாய்ச்சிகள் காய்ச்சலில் விழுவது அதிகமானது. புதிதாக ஒரு மாத்திரை வந்தது. விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும், வயிற்றுக்காரிகள் மட்டும் தனியாக நிற்க வேண்டும். டிரசர் வரிசையாக வந்து உள்ளங்கையில் மாத்திரையை வைப்பார். தண்ணீர்க் குவளையை நீட்டுவார். பிறகு, "வாயைத் திறவும் பிள்ளை" என்பார். வாய் காலியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார்.

நாக்கைத் தூக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்சி முழுவதும் அங்கேதான் நடந்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. மாத்திரையை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் சத்தமாக விழுங்க வேண்டும். சத்தம் முக்கியம். முகத்தைக் கொஞ்சம் சுளிக்க வேண்டும். ரொம்பச் சுளித்தால் சந்தேகம் வரும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் எடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் நான் கைதேர்ந்துவிட்டேன். பெரியநாயகியம்மாள் விழுங்குகிற அழகைப் பார்த்தால் கூத்துக்காரர்களே எழுந்து நின்றிருப்பார்கள்.

இத்தனையும் எதற்கு? எங்களுக்கு எல்லா மாத்திரையும் குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் அந்தக் கசப்புக் கொய்னாதான். கொய்னா கருவைக் கலைக்கும் என்பது லயத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இது வேறு மருந்து, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்று டிரசர் சொல்லிப் பார்த்தார். மருந்து கொடுக்கிறவர் வேறு எப்படிச் சொல்லுவார் என்று கேட்டுவிட்டோம்.

எடுத்த மாத்திரையை லயத்தில் எறிய முடியாது. கால்வாயில் போட்டால் மலேரியாக்காரர் கண்டுபிடித்துவிடுவார். முற்றத்தில் போட்டால் கோழி கொத்தும். வேலிக்கு வெளியே ஓடும் சிற்றாறுதான் ஒரே வழி. தினமும் ஒன்றோ இரண்டோ போவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த முறை விடாத மழை. மழையில் மரம் வெட்ட முடியாது, வாசலும் திறக்காது. மாத்திரை மட்டும் மழை பார்க்காமல் வந்துகொண்டே இருந்தது. அக்காவின் முந்தானை முடிச்சு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பருத்துவிட்டது.

அக்காவின் பயம்

எங்கள் பயம் கேள்விப்பட்ட பயம். அக்காவின் பயம் அப்படி இல்லை. இந்த இடத்தில் எனக்குக் கேலி வராது.

முதல் பிள்ளைக்குப் பிறகு அவளுக்கு வயிற்றில் ஒரு பையன் தங்கியிருந்தான். ஏழாம் மாதம் குளிர்காய்ச்சல் வந்தது. பிள்ளைச்சூடு என்று விட்டுவிட்டார்கள். விட்டு விட்டு வந்தது. கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம். கடைசியில் அவள் புருஷன் காத்தமுத்தண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டிரசர் கசப்பான கொய்னாத் தண்ணீரைக் குடிக்க வைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே வலி கண்டது. பையன் பிறந்தான், அழவில்லை.

டிரசர் தன் கையாலேயே அவனை வெள்ளைத் துணியில் சுற்றி அண்ணனிடம் கொடுத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. "கொய்னா குடிச்சேன், புள்ள போச்சு. அந்த ஆளுக்குத் தெரியும். அதான் அன்னைக்கு என் மூஞ்சியப் பாக்கல" என்றாள். அதன்பிறகு அவளும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பெரட்டில் வாயைத் திறக்கும்போதுகூட அவர் தலைக்கு மேலே மரத்தைத்தான் பார்ப்பாள்.

டிரசர் செய்த உதவி

வாசலில் பிடித்த அக்காவை லாரியில் ஏற்றிப் பக்கத்து டவுன் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் மரம் வெட்டப் போனோம். வெட்டினோமா, மரத்தைக் கீறினோமா என்று கேட்காதீர்கள்.

பாலைக் கொண்டுபோய்ப் பால்கொட்டகையில் ஊற்றும்போது செய்தி வந்தது. நிலையத்தில் இருந்த சார்ஜன் நியாயமான மனிதர். அக்கா சொன்னதை உடனே தள்ளிவிடாமல் தோட்டத்துக்குப் போன் போட்டு டிரசரிடம் கேட்டிருக்கிறார். உங்கள் பிள்ளைத்தாய்ச்சிகள் மாத்திரையை விழுங்குகிறார்களா, இல்லையா?

விழுங்காததற்காகத்தான் அக்காவைப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிய டிரசர், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோரும் என் கண்ணெதிரில்தான் விழுங்குகிறார்கள், ஒருத்தியும் தவறுவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எல்லோரும் விழுங்கினால் முந்தானையில் இருந்த மாத்திரை எங்கிருந்து வந்தது? மருந்து அறையில் திருடி, காட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று ஆகிவிட்டது.

காத்தமுத்தண்ணன் பால்வாளியைப் பிடித்தபடி கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பெரியநாயகியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அவ ஒருத்தி முழுங்கலன்னாத்தான் திருடி. நம்ம யாருமே முழுங்கலன்னா?"

உண்மையைச் சொன்னால் அக்கா வெளியே வரலாம். நம்பாவிட்டால் எல்லோரும் அவளோடு உள்ளே போய் உட்காரலாம். என் வீட்டுக்காரர் போகாதே என்றார். பிறகு அவரே, சட்டையை மாற்றிக்கொண்டு போ, வாளித்தண்ணி மாதிரி நாறுது என்றார்.

மழைக்காலத்துச் சேமிப்பு எல்லோரிடமும் இருந்தது. ஒருத்தி அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்தாள். ஒருத்தி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். பெரியநாயகியம்மாள் கொண்டையிலிருந்து எடுத்தாள். வாசலில் மாக்சிக் ஹலிமா தடவிப் பார்க்கும் முன்பே எல்லோரும் முடிச்சுகளை நீட்டினோம். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, தானும் வருவதாகச் சொல்லி எங்களோடு தோட்டத்து லாரியில் ஏறினார். டிரசரையும் முன்னால் உட்காரவைத்தார்கள். எதற்குப் போகிறோம் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மேசைமேல் குவியல்

சார்ஜன் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரிசையாக நின்றோம். தெரிந்த மலாயில் பெரியநாயகியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். விட்டுப்போனதை மாக்சிக் சொல்லி முடித்தார். பிறகு ஒவ்வொருத்தியாக முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினோம். நூலும் தூசியும் ஒட்டிய மாத்திரைகள், மஞ்சள் பட்டவை, பாதி கரைந்தவை, கொண்டை எண்ணெய் மணக்கிறவை.

சார்ஜன் குவியலைப் பார்த்தார். பிறகு டிரசரைப் பார்த்தார். டிரசர் யாரையும் பார்க்கவில்லை. கஞ்சி போட்ட சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனார். எனக்கே பாவமாக இருந்தது.

இனிமேல் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள் என்று சார்ஜன் அவருக்கு யோசனை சொன்னார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு மீசையில் தெரிந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தோம். மூலையில் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். பெஞ்சின் கால் சிமெண்டுத் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டிரசர் போய் அவள் நெற்றியைத் தொட்டார். விரல்களைப் பிரித்து நகங்களைப் பார்த்தார். குரலே மாறிவிட்டது.

"பிள்ளை, இது காய்ச்சல். இப்பவே சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"நான் வரல." அக்காவின் பற்கள் கிடுகிடுத்தன. "போன தடவயும் நீங்கதான் குடுத்தீங்க."

டிரசர் அவளுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"ஓம். நான்தான் தந்தனான். ஆனா நீர் வரும்போதே பிள்ளை போயிட்டுது. வயித்தில காது வைச்சுக் கேட்டனான். துடிப்பு இல்லை. காய்ச்சல்தான் கொண்டுபோனது. உம்மையாவது காப்பாத்தலாம் எண்டுதான் கொய்னா தந்தனான்."

அக்கா முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

அக்காவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. மாக்சிக் தன் தலைத்துணியை எடுத்து அக்காவின் தோளில் போர்த்தினார். அக்கா மேசையைக் காட்டினாள்.

"அதுல ஒண்ணு நீங்க முழுங்குங்க."

டிரசர் எழுந்தார். குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒட்டியிருந்த நூலை ஊதினார். தண்ணீர் இல்லாமலே வாயில் போட்டு விழுங்கினார். பிறகு, கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

துப்பாக்கிக்காரர்கள் துணைக்கு வர, அதே லாரியில் அக்கா சிரம்பானுக்குப் போனாள்.

வரிசையில் ஓர் ஆண்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் கசப்பு. எதையும் துப்பவில்லை. உடம்பு பாதியாகித் திரும்பி வந்தாள். வயிறு மட்டும் அப்படியே இருந்தது. இடையில் துரையிடம் டிரசர் வாங்கிய திட்டு, பால்கொட்டகை வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்த முதல் பெரட்டிலேயே அக்கா தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். தினமும் அவர் முதலில் விழுங்க வேண்டும், பிறகுதான் அவள். அவள் விழுங்கினால்தான் நாங்கள். டிரசர் கையிலிருந்த மாத்திரையை அப்போதே விழுங்கினார். அன்றிலிருந்து வயிற்றுக்காரிகள் வரிசையின் முகப்பில் ஒரு யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை நின்றார்.

எங்கள் மனசு மாறிவிட்டதா என்று கேட்டால், பெரியநாயகியம்மாள் சொன்னதுதான் சரி. "மாத்திர நல்லதுன்னு நான் சொல்லல. டிரசரு இன்னும் சாகல. அத மட்டுந்தான் பாக்குறேன்."

ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நாள் எங்களை வேலை வாங்கும் மண்டோர் எல்லோருக்கும் கேட்கும்படி, ஐயாவுக்கு இது எத்தனையாவது மாசம் என்று கேட்டார். டிரசர் மாத்திரையை விழுங்கி, குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எட்டு நடக்குது. இரவில படுக்க ஏலாமல் கிடக்கு."

பெரட்டுக்களமே குலுங்கியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. கைக்குள் அடங்கும் அளவுதான். ஆனால் அது அழுத அழுகை வேலிக்கு வெளியே கேட்டிருக்கும். பிரசவம் பார்த்த டிரசர் அதைத் துணியில் சுற்றி, அக்காவின் கையில் நேராகவே கொடுத்தார். பொம்பிளைப் பிள்ளை, நல்லாயிருக்கு, மூச்சு நல்லாயிருக்கு, பால் குடிக்கும் என்று அன்றைக்கு ஓயாமல் பேசினாராம். பேச்சை நிறுத்தச் சொல்லி அக்காவே கும்பிட வேண்டியிருந்ததாம்.

மறுநாள் பெரட்டில் வரிசை குறைந்திருந்தது. பெரியநாயகியம்மாளும் அதற்கு முன்பே பெற்றுவிட்டாள். நிபந்தனை போட்ட அக்கா இல்லை. இனி அவர் விழுங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டிரசர் மாத்திரையைக் கையில் வைத்தபடி கொஞ்சம் நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் ஐயா, நானே விழுங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"உமக்கு இன்னும் மாசம் இருக்குதல்லோ" என்று சொல்லி, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.